விழுங்கக் கஷ்டப்படும் பெரியவருக்குக் கூழ் தீத்தும் முறை

பாரிசவாதம் வந்த ஐயாவுக்கோ அம்மம்மாவுக்கோ "ருசிக்காவது கொஞ்சம் நாக்கில் தடவுவம்" என்று வன்னி வீடுகளில் செய்வதுண்டு. அதில் அவருக்கு நிறைவு வராது. மிடறு இறங்கியபின் வெளிவிடும் மூச்சுத்தான் கூழின் வாசத்தைத் தொண்டைவழியே மூக்குக்கு ஏற்றுகிறது. 'போதும்' என்பதை வயிறும் குடலும் சொல்லவேண்டும். ரஷ்ய ஆய்வாளர் பாவ்லோவின் சோதனையில் நாய் விழுங்கிய இறைச்சி கழுத்தில் இட்ட துளையால் வெளியே விழுந்தது. இரைப்பைச் சாறு சுரந்தது. வயிறு நிறையாததால் நாயோ தின்றுகொண்டே இருந்தது.

முதலில் ஆஸ்பத்திரியில் பேச்சு சிகிச்சையாளரிடம் விழுங்கும் திறனைக் காட்டுங்கள். வாயால் கொடுக்கவேண்டாம் என்றால் ஒரு சொட்டும் கொடுக்கக்கூடாது. கூழ்ப் பதத்துக்குச் சம்மதித்தால் மட்டும் மேலே போகலாம்.

ஒரு கப் தண்ணீருக்கு 3 மேசைக்கரண்டி அரித்த குரக்கன் மா. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிண்டிக் காய்ச்சி, கடைசியில் தேங்காய்ப்பால் விடுங்கள். கரண்டியைச் சரித்தால் தண்ணியாக ஓடாமல், ஒட்டிக்கொண்டும் நிற்காமல், மொத்தமாக வழுகி விழவேண்டும். ஆறினால் இறுகும், தீத்தும் சூட்டிலேயே பதம் பாருங்கள்.

நிமிர்த்தி இருத்தி, நாடியை (மோவாயை)ச் சற்றுக் கீழே வையுங்கள். அரைத் தேக்கரண்டி போதும். பிறகு அவருடைய குரல்வளையைப் பாருங்கள்: மேலே ஏறி இறங்கவேண்டும். தெரியாவிட்டால் விரலை மெல்ல வைத்தால் பிடிபடும். இறங்கியதும் வாயை மூடி மூக்கால் மூச்சுவிடட்டும். எல்லாரும் அவசரப்பட்டு அடுத்த கரண்டியை நீட்டுவது இந்த நேரத்தில்தான். ருசி வரும் நேரமும் இதுதான். பொறுங்கள். அவரிடம் கதை கொடுக்கவும், எதுவும் கேட்கவும் வேண்டாம்.

வாய்க்குள் போன கரண்டியைப் பானைக்குள் விடாதீர்கள். எச்சில் மாப்பொருளைக் கரைக்கும். இறுக்கமாக இருந்த கூழ் பாதியில் தண்ணியாகிப் புரைக்கேறும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

புட்டும் சொதியும் வேண்டாம். சொதி முந்தி ஓட, உதிரி பின்னால் நிற்கும். இரண்டையும் ஒரே மிடறில் அவரால் சமாளிக்கமுடியாது. மீனுக்கு ஆசைப்பட்டால் குளத்து விராலை அவித்து, முள்ளை விரலால் தடவி எடுத்து, கூழோடு வழுவழுப்பாக அரையுங்கள்.

இருமலோ, குரலில் சளி கரகரப்போ, கண்ணில் தண்ணீரோ வந்தால் உடனே நிறுத்துங்கள். முடிந்தபின் கன்னத்துக்குள் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்து, வாயைத் துடைத்து, 30 நிமிடம் சாய்க்காமல் வைத்திருங்கள். பிறகு காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.