தொலைத்தொடர்புப் பொறியியல் படிக்க ஆசையா? உயர்நிலை மூன்றிலிருந்து பாலிடெக்னிக் வரை

சிங்கப்பூர் பாலிடெக்னிக்குகளின் பட்டயப் பட்டியலில் 'தொலைத்தொடர்பு' என்ற பெயரை மட்டும் தேடிவிட்டு, அந்தப் படிப்பே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது மின்னியல், மின்னணுப் பொறியியல் பட்டயத்துக்குள் இருக்கிறது. சிங்கப்பூர் பாலிடெக்னிக்கில் அந்தப் பட்டயம் உண்டு.

முதல் வேலை: பெயரை விட்டுவிட்டு மாட்யூல் பட்டியலைப் படியுங்கள்

ஒவ்வொரு பட்டயத்தின் பக்கத்திலும் மூன்று ஆண்டுகளுக்கான மாட்யூல்கள் இருக்கும். கம்பியில்லாத் தொடர்பு, டிஜிட்டல் கம்யூனிகேஷன், சிக்னல், ஆன்டெனா, நெட்வொர்க்கிங் ஆகியவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கின்றனவா, அவை கட்டாயமா விருப்பப் பாடமா, எந்த ஆண்டில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடம் என்றால் பிறகு நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நெட்வொர்க்கை அமைத்துப் பாதுகாக்கும் வேலை பிடிக்கும் என்றால் தகவல் தொழில்நுட்பப் பட்டயங்கள் பொருந்தும். அந்த ரௌட்டருக்குள் இருக்கும் ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறவர்களுக்குத்தான் மின்னணுப் பக்கம். முடிவெடுக்க முடியவில்லையா? பொதுப் பொறியியல் திட்டத்தில் சேர்ந்து, முதல் பருவத்துக்குப் பிறகு கிளையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது: பாடத் தேர்வு, குறிப்பாக ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்)

பொறியியல் பட்டயங்களுக்கான குறைந்தபட்சத் தகுதி, உயர்நிலை இறுதித் தேர்வான ஓ லெவல் முடிவுகளின்படி: ஆங்கிலத்தில் தரம் 1 முதல் 7-க்குள் (ஏ1 என்றால் 1, பி3 என்றால் 3), கணிதத்தில் (இ மேத்ஸ் என்ற அடிப்படைக் கணிதம் அல்லது ஏ மேத்ஸ்) 1 முதல் 6-க்குள், இயற்பியல் போன்ற தொடர்புடைய பாடம் ஒன்றில் 1 முதல் 6-க்குள். மொத்தப் புள்ளி 26-ஐத் தாண்டக் கூடாது (கணக்கிடும் முறை மூன்றாவது பகுதியில்). இது வாசல் மட்டும்தான். இடம் கிடைப்பது அந்தந்த ஆண்டின் போட்டியைப் பொறுத்தது.

இ மேத்ஸ் மட்டும் படித்தவருக்கும் இடம் கிடைக்கும். ஆனாலும் வாய்ப்பிருந்தால் ஏ மேத்ஸை விட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்பின் அன்றாட மொழி மடக்கை (லாக்). அது ஏ மேத்ஸில்தான் வருகிறது. தடையில்லா வெளியில் சிக்னல் எவ்வளவு பலவீனமாகும் என்பதற்கான சூத்திரத்தையே பாருங்கள்:

இழப்பு (டெசிபெல்) = 20 × மடக்கை (தூரம், கிலோமீட்டர்) + 20 × மடக்கை (அலைவெண், மெகாஹெர்ட்ஸ்) + 32.44

5ஜி-யின் 3500 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 1 கிலோமீட்டர் போனால் இழப்பு சுமார் 103 டெசிபெல். அதே தூரத்தில் 700 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 89. இடையில் 14 டெசிபெல் வித்தியாசம். சக்தியில் சொன்னால் 25 மடங்கு. குறைந்த அலைவெண் ஏன் தொலைவுக்குப் போகிறது என்பது இந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடும். மடக்கை தெரியாதவருக்கு இந்த வரி வெறும் எழுத்து.

மூன்றாவது: புள்ளியைக் கணக்கிடுங்கள்

ஆங்கிலம், தொடர்புடைய இரண்டு பாடங்கள், மிகச் சிறந்த வேறு இரண்டு பாடங்கள் என ஐந்தின் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். எண் குறையக் குறைய நல்லது. ஒரு மாணவர் ஆங்கிலம் பி3, இ மேத்ஸ் ஏ2, இயற்பியல் பி3, தமிழ் ஏ1, மானுடவியல் (ஹியூமானிட்டீஸ்) பி4, ஏ மேத்ஸ் சி5 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 3 + 2 + 3 + 1 + 4 = 13. இணைப்பாட நடவடிக்கையில் 'மிகச் சிறப்பு' பெற்றிருந்தால் 2 புள்ளி கழிந்து 11. இங்கே தமிழின் ஏ1 நேராகக் கணக்கில் வருவதைக் கவனியுங்கள். கடைசி மாதங்களில் அறிவியலுக்காகத் தமிழை ஓரங்கட்டுகிறவர்கள் எளிதாகக் கிடைக்கும் புள்ளிகளைக் கைவிடுகிறார்கள்.

2027-இல் ஓ லெவலுக்குப் பதிலாக எஸ்இசி (சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்) தேர்வு வருகிறது. அதை எழுதி 2028-இல் சேர்கிறவர்களுக்கு நான்கு பாடங்கள் ஜி3 நிலையிலும், 'சிறந்த பாடம்' ஒன்று அதைவிட ஒரு படி எளிய ஜி2 நிலையிலும் கணக்கிடப்படும். உச்ச வரம்பு 26-இலிருந்து 22 ஆகும். அண்ணனோ அக்காவோ சேர்ந்தபோது இருந்த எண்ணோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

நான்காவது: ஈஏஇ-க்குக் காட்ட ஒரு வேலை

தேர்வு எழுதும் முன்பே, ஆர்வத்தையும் திறனையும் பார்த்து இடம் தருவது ஈஏஇ. விண்ணப்பம் வழக்கமாக ஜூன் கடைசி, ஜூலைத் தொடக்கத்தில் திறக்கும். மூன்று விருப்பங்கள் கொடுக்கலாம். குறைந்தபட்சத் தகுதியைப் பிறகு எட்டியாக வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டால், தேர்வு முடிவுகளுக்குப் பிறகு நடக்கும் கூட்டுச் சேர்க்கையான ஜேஏஇ-யில் கலந்துகொள்ள முடியாது.

நேர்காணலில் "சின்ன வயதிலிருந்தே ஆர்வம்" என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் அளந்த எண்களோடு போங்கள். வீவக வீட்டில் ஒரு வார இறுதியில் முடிக்கக்கூடிய வேலை இது.

ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஒரே பெயர் இருந்தால் ஃபோன் சொல்லாமல் கொள்ளாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிடும், எண்கள் குழம்பும். பிறகு சிக்னலின் சக்தியை டிபிஎம் என்ற அலகில் காட்டும் வைஃபை செயலியை ஆண்ட்ராய்டு ஃபோனில் இறக்குங்கள். வீட்டின் வரைபடத்தில் 12 இடங்களைக் குறியுங்கள்: வரவேற்பறை, சமையலறை, ஒவ்வொரு படுக்கையறை, பாம் ஷெல்டரின் உள்ளே கதவு திறந்தும் சாத்தியும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு அலைவரிசைக்கும் பத்துப் பத்து அளவுகள் எடுத்துச் சராசரி போடுங்கள்.

இனி ஒப்பீடு. ரௌட்டர் 20 டிபிஎம் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 5 மீட்டரில் தடையில்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே சொன்ன சூத்திரப்படி சுமார் −34 டிபிஎம் வர வேண்டும். நீங்கள் அளந்தது −50 என்றால் இடையில் 16 டெசிபெல் எங்கே போனது? சுவரா, கதவா, ஃபோனுக்கும் ரௌட்டருக்கும் நடுவே நின்ற உங்கள் உடம்பா? இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டும் இரும்புக் கதவும் சூழ்ந்த பாம் ஷெல்டரில் எண் ஏன் அவ்வளவு விழுகிறது? இந்தக் கேள்விக்கு நீங்கள் தேடிய விடைதான் நேர்காணலில் பேச வேண்டியது.

தவறு வரும் இடங்கள்: ஃபோனை ஒருமுறை நிமிர்த்தியும் மறுமுறை படுக்கவைத்தும் பிடிப்பது, மைக்ரோவேவ் ஓடும்போது 2.4-ஐ அளப்பது (அதுவும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் வேலை செய்கிறது), ஒரே ஓர் அளவோடு நிறுத்திவிடுவது. கெட்ட எண்களையும் அழிக்காமல் நோட்டில் வைத்திருங்கள்.

ஐந்தாவது: ஜேஏஇ

ஓ லெவல் முடிவுகள் ஜனவரியில் வரும் அன்றே பதிவு தொடங்கிவிடும். சில நாட்களே திறந்திருக்கும். 12 விருப்பங்களை வரிசைப்படுத்தலாம். உண்மையாகவே விரும்புவதை முதலில் வையுங்கள். புள்ளி சரியாகத் தகுதி பெறும் இடங்களோடு, கடந்த ஆண்டு எண்ணைவிட உங்கள் புள்ளி சற்று நன்றாக இருக்கும் சில பட்டயங்களையும் சேருங்கள். பன்னிரண்டையும் கடினமான இடங்களால் நிரப்புகிறவர் வெறுங்கையோடு நிற்க நேரிடும். வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கும்.

விண்ணப்பிக்கும் முன் நிறப்பார்வைச் சோதனை செய்துகொள்ளுங்கள். மின்னணுப் பட்டயங்கள் பலவற்றில் இதற்கு நிபந்தனை உண்டு. பட்டயத்தின் பக்கத்திலேயே பாருங்கள். ஒளியிழைக் கேபிளில் 12 இழைகள் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஜா, நீலப்பச்சை என்ற வரிசையில் நிறத்தால்தான் பிரிக்கப்படுகின்றன. பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தால் தவறான இழையோடு இணைத்துவிடுவீர்கள்.

கட்டணத்துக்கு உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கைப் பயன்படுத்தலாம். இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கல்வி மானியம் பெறும் வெளிநாட்டு மாணவர்கள் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தமிட வேண்டும்.

சேர்ந்த பிறகு முதல் பருவத்தில்

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. டெசிபெல்லும் டிபிஎம்மும் ஒன்றல்ல: டெசிபெல் என்பது விகிதம், டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட சக்தி. 10 டிபிஎம் கொண்ட இரு சிக்னல்களின் சக்தியைக் கூட்டினால் கிடைப்பது 20 டிபிஎம் அல்ல, 13. மில்லிவாட்டுக்கு மாற்றிக் கூட்டிப் பாருங்கள்: 10 + 10 = 20 மில்லிவாட், அதுதான் 13 டிபிஎம்.

இன்னொன்று ஆய்வகத்தில் வரும். அலைகாட்டியின் (ஆஸிலோஸ்கோப்) புரோபில், அதாவது சர்க்யூட்டைத் தொட்டு அளக்கும் முனையில், ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், 1 மடங்கு அல்லது 10 மடங்கு. புரோபில் 10-உம் கருவித் திரையில் 1-உம் இருந்தால் 5 வோல்ட் சிக்னல் 0.5 வோல்ட்டாகத் தெரியும். சர்க்யூட் கெட்டுவிட்டதென்று நினைத்து ஒரு மணி நேரம் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். அளக்கத் தொடங்கும் முன் கருவியின் சொந்தச் சதுர அலையோடு புரோபை இணைத்து, திரையில் வரும் அளவும் அலையின் மூலைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.