பதினைவர் ரக்பியிலிருந்து எழுவர் ஆட்டத்துக்கு மாறுவது எப்படி

பிரான்ஸின் ஸ்க்ரம்-ஹாஃப் (குவியலிலிருந்து பந்தை எடுத்து வெளியே கொடுப்பவர்) அன்டுவான் டுபான், 2024-இல் ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் பதினைவர் தொடரையே விட்டுவிட்டு எழுவர் அணிக்குப் போனார். ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) போட்டார்; ஃபிஜியை 28–7 என வென்று பிரான்ஸ் தங்கம் எடுத்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே இதற்குப் பல மாதம் ஒதுக்கினார். உங்களுக்குக் குறைந்தது பத்து வாரம் வேண்டும்.

மைதானம் அதே அளவுதான். 30 பேர் ஓடிய இடத்தில் 14 பேர், பாதிக்கு 7 நிமிடம். ஸ்க்ரம் (இரு அணியும் தோள்கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போட்டியிடுவது) அமைக்கும்போதும் லைன்-அவுட்டுக்கு (வெளியே போன பந்தை இரு வரிசைக்கு நடுவே எறிவது) நடக்கும்போதும் கிடைத்த மூச்சுவாங்கும் நேரம் இங்கே மிகக் குறைவு. ஆகவே உச்ச வேகத்தைவிட, மூச்சு அடங்குமுன் மறுபடி ஓடும் திறன்தான் முதலில் வேண்டும்.

30 விநாடிக்கு ஒன்றாக 40 மீட்டர் ஓட்டம் ஆறு: அது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று 4 நிமிட ஓய்வு. வாரம் இருமுறை, 2 சுற்றில் தொடங்கி ஐந்தாம் வாரத்தில் 4 சுற்று. ஆறாம் வாரம் முதல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் நெஞ்சு தரையில் பட விழுந்து எழுந்து ஓடுங்கள். ஆறாவது ஓட்டம் முதல் ஓட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் மெதுவானால் சுற்றைக் கூட்ட வேண்டாம்.

இந்த மாற்றத்தில் அடிக்கடி பிடித்துக்கொள்வது பின்தொடைத் தசை. முழு வேகத்தில் நீண்ட தூரம் ஓடிப் பழகாத ஃபார்வர்டுகள் (ஸ்க்ரமில் தள்ளும் ஆட்டக்காரர்கள்) திடீரென அப்படி ஓடுவதே காரணம். முதல் வாரத்திலேயே முழு வேக ஓட்டம் இரண்டு மூன்று சேருங்கள். நார்டிக் பயிற்சியை (கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, முழங்காலிட்டு உடலை மெல்ல முன்னே சாய்ப்பது) வாரம் இருமுறை செய்யுங்கள். எடை குறைக்க வேண்டுமானால் வாரத்துக்கு அரை கிலோ போதும்.

உடம்பைவிடப் பழக்கம் மாறுவது கடினம். பதினைவர் ஆட்டத்தில் பந்தோடு எதிராளிமேல் மோதுவது நல்ல வேலை. இங்கே மோதினால் ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் நின்று தள்ளுவது) உருவாகும். உங்களோடு உங்கள் ஆட்கள் இருவர் அதில் மாட்டுவார்கள், வெளியே நால்வரே மிஞ்சுவார்கள். இடம் இல்லையென்றால் பந்தைப் பின்னால் கொடுத்து, பத்து மீட்டர் இழந்தாலும் மறுபக்கம் திருப்புங்கள். அது தோல்வி அல்ல. தடுப்பில் பாய்ந்து முன்னே போகாதீர்கள்: உள்பக்கத்தை அடைத்து, எதிராளியை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பிடியுங்கள். வரிசையில் ஒருவர் முந்தினால் அந்த ஓட்டை நேரே ட்ரையில் முடியும்.

ட்ரை போட்ட அணியே ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை உதைக்கும். அந்தப் பந்தைத் தட்டிப் பறிக்கும் அணி எதிராளியைப் பந்தையே தொடவிடாமல் ஆடலாம். எனவே நடுக்கோட்டிலிருந்து 10 மீட்டரில் உள்ள கோட்டைச் சற்றே தாண்டி விழும் உயரமான டிராப் கிக்கை (பந்தைக் கீழே விட்டு, அது தரையில் பட்டு எழும்போது உதைப்பது) தினமும் 20 முறை பழகுங்கள். கன்வர்ஷனும் (ட்ரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காக உதைப்பது) டிராப் கிக்தான்.

போட்டி நாளில் ஆட்டங்களுக்கு இடையே சில மணி நேரமே இருக்கும். முதல் அரைமணிக்குள் சோறோ வாழைப்பழமோ சாப்பிடுங்கள். இரண்டாம் ஆட்டத்துக்கு 15 நிமிட உடல்சூடு போதும்.

எழுவர் அணியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் கிளப்பிடம் விடுவிப்புத் தேதியையும், காயத்தின்போது சம்பளத்தையும் காப்பீட்டையும் யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பதினைவர் ஆட்டக்காரர் சன்னி பில் வில்லியம்ஸுக்கு முதல் எழுவர் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் கிழிந்தது. நீங்கள் ஸ்க்ரமின் முன்வரிசைக்குத் திரும்புபவராக இருந்தால், கழுத்துப் பயிற்சியை இந்தப் பத்து வாரத்திலும் நிறுத்தாதீர்கள்.