சோலார் கால் ஊன்றினால் தளம் ஒழுகாமல் இருக்க

அக்கா வீடு சேலம் கொண்டலாம்பட்டியில். மூன்று கிலோவாட் சோலார், ஆறு பேனல், அவற்றைத் தாங்கும் இரும்பு ஸ்ட்ரக்சர் முழுக்க என் பட்டறையில் அடித்ததுதான். மே மாதம் காற்றோடு ஒரு கோடை மழை அடித்துவிட்டுப் போன மறுநாள் காலையில் போன் வந்தது. "ஏன்டா தம்பி, கரண்ட் பில் மிச்சம்னு சொன்ன. அடுப்படியில பாத்திரம் வெக்கவே ஒரு ஆள் வேணும் போல இருக்கே?"

போய்ப் பார்த்தேன். அடுப்படி ஃபேன் கொக்கியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் அதற்கு நேர் மேலே ஒன்றுமே இல்லை, ஏழடி தள்ளித்தான் நான் ஊன்றிய ஸ்ட்ரக்சர் கால் நின்றது. அதைச் சுற்றி நான் பூசிய வெள்ளை சிலிக்கானும் கலையாமல் இருந்தது. என் வேலையில் குறையில்லை, பழைய விரிசல்தான் என்று மாமாவிடம் அடித்துப் பேசினேன். அப்புறம் காலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டோட்டைப் பெயர்த்துப் பார்த்ததும் பேச்சு நின்றுபோனது. அடியில் இருந்த சுண்ணாம்பு ஜல்லியை அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் வந்தது.

நம் ஊர் மொட்டை மாடி ஒரே கல் இல்லை. கீழே நாலரை அல்லது ஐந்து அங்குல கான்கிரீட் தளம். அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேலே தட்டோடு. அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டுக் கட்டையால் அடித்து இறுக்கினார்கள். இப்போது அந்தப் பொறுமை யாருக்கும் இல்லை. ஓட்டு இணைப்பில் இறங்கும் தண்ணீர் இந்த ஜல்லிக்குள் பக்கவாட்டில் நடக்கும். நாம் மேலே ஓட்டின்மீது பூசுகிறோம், தண்ணீரோ கீழே ஜல்லி வழியாக வந்து போல்ட் ஓட்டையைப் பிடித்துவிடுகிறது. தளத்துக்குள் போன பிறகு ஒயர் பைப் கிடைத்தால் அதன் வழியே ஓடி, ஃபேன் பாக்ஸில் வந்து சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு மேலே ஓட்டையைத் தேடுவது வீண் வேலை.

அதனால் இப்போது நான் எந்த வீட்டிலும் ஓட்டின்மேல் காலை நிறுத்துவதில்லை. தளத்தின்மேல்தான் நிறுத்துகிறேன்.

முதலில் பேனல் வரும் முன்னே தளத்தைச் சோதியுங்கள். மழைநீர்க் குழாயைச் சாக்கால் அடைத்து, ஒன்றிரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். தளம் பழசு என்றால் முழுக்கக் கட்டாமல் பகுதி பகுதியாகக் கட்டுங்கள். 1,000 சதுர அடியில் இரண்டு அங்குலம் என்றால் 4,700 லிட்டர், கிட்டத்தட்ட ஐந்து டன் பாரம். கீழே எல்லா அறைக் கூரையையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சண்டை வந்தால் அதுதான் சாட்சி. தட்டினால் ஓடு ஏற்கெனவே குப்குப்பென்று சத்தம் போட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பேனலுக்கு 25 வருட வாரண்டி தருகிறார்கள், அந்த ஓடு அவ்வளவு நாள் தாங்காது. மேலே ஸ்ட்ரக்சர் ஏறிய பிறகு அடியில் குனிந்து ஓடு மாற்றுவது கொத்தனாருக்கும் தண்டனை, உங்கள் பர்சுக்கும் தண்டனை. மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வருகிறது என்று அவசரப்படுகிறவர்கள்தான் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள்.

கால் எங்கே வரவேண்டும் என்பதைக் கீழே இருந்து முடிவு செய்யுங்கள். சுவர் மேலோ பீம் மேலோ வந்தால் நல்லது. வடாம் காயப்போட, துணி உலர்த்த என்று எட்டடி உயரத்தில் ஸ்ட்ரக்சர் கேட்பார்கள். கால் உயர உயர, காற்றில் அடியில் இழுப்பு அதிகம். அந்த ஆட்டத்தில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். அந்த உயரத்துக்குக் கான்கிரீட் கட்டையின் பாரத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரடிக் கட்டை ஒன்று 65, 70 கிலோ வரும், அவ்வளவுதான்.

இனி வேலை. கால் வரும் இடத்தில் ஒரடிச் சதுரம் குறித்து, கட்டிங் மெஷினால் தட்டோட்டை மட்டும் அறுங்கள். உள்ளே இருக்கும் ஜல்லியைச் சுத்தியலும் உளியும் வைத்துக் கையால்தான் எடுக்கவேண்டும். பிரேக்கர் போட்டால் சுற்றியுள்ள ஓடும் ஆடிவிடும். தளம் தெரியும்வரை எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவிடுங்கள்.

துளை போடும்போது டிரில் பிட்டில் மூன்று அங்குலத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் தளத்தைத் தொட்டதும் நிறுத்திவிடவேண்டும். அக்கா வீட்டில் தளம் ஐந்து அங்குலம் இருக்கும் என்று குத்துமதிப்பாக இறக்கினேன், இருந்தது நான்குதான். தளத்துக்குள் இருக்கும் கம்பி தட்டினால் அறுக்காமல் இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். விரியும் ஆங்கர் போல்ட் வேண்டாம். அது கான்கிரீட்டை நெருக்கிப் பிடிக்கும், சுற்றி இடைவெளியும் விடும். கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை விட்டுக் கம்பியை ஒட்டவைப்பது, இடைவெளியை நிரப்பிவிடும். 12 எம்எம் கம்பிக்கு 14 எம்எம் துளை. பசை விடும் முன் துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் போதும். இதைச் செய்யாவிட்டால் பசை தூசியைத்தான் பிடித்திருக்கும், கான்கிரீட்டை இல்லை. சேலம் வெயிலில் பசை சட்டென்று இறுகும் என்பதால் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன். கம்பி ஸ்டெயின்லெஸ் 304 ஆக இருக்கட்டும். உருக்காலை ஊரில் இருந்துகொண்டு துருப்பிடிக்கிற கம்பி போடுவானேன்?

மறுநாள் குழியின் அடியிலும் நான்கு பக்கச் சுவரிலும் பாலிமர் கலந்த சிமெண்ட் பூச்சு, இரண்டு கை. இரண்டாவது கை பிசுபிசுப்பாக இருக்கும்போதே அரை அங்குல ஜல்லிக் கான்கிரீட்டைக் கொட்டுங்கள். கட்டை ஓட்டுக்கு மேல் ஆறு அங்குலமாவது நிற்கவேண்டும். கட்டையின் தலையை மட்டமாக விடாமல் நான்கு பக்கமும் வாட்டம் கொடுங்கள். தண்ணீர் தேங்கினால் காலின் அடித்தகடான பேஸ் பிளேட் அடியில் துரு ஆரம்பிக்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைக்கவேண்டும்.

கட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி விட்டுப் பாலியூரித்தேன் சீலன்ட் அடையுங்கள். சிமெண்ட் வைத்து அடைத்தால் வெயிலில் இரண்டும் வெவ்வேறாக விரிந்து மயிரிழை விரிசல் விடும். அதன்மேல் வலைத்துணி ஒட்டி மறுபடி பாலிமர் பூச்சு. குளியலறை சிலிக்கானை நான் திரும்பத் தொட்டதே இல்லை.

ஒயரைத் தளத்தில் துளை போட்டு இறக்காதீர்கள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளிச்சுவரில் இறக்கி, வீட்டுக்குள் நுழையும் முன் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்னொன்று, ஆறு பேனலின் பரப்பு பதினைந்தரை சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 775 லிட்டர் கீழ்விளிம்பில் ஒரே கோட்டில் விழும். அந்தக் கோடு ஓட்டு இணைப்பில் வந்தால் இணைப்பு அரிக்கும். அங்கே ஒரு தகரத் தூம்பு மாட்டிக் குழாய்ப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஏற்காட்டில் ஷீட் போட்ட வீடுகளும் உண்டு. ஷீட்டில் ஸ்க்ரூ மேட்டில் இறங்கவேண்டும், பள்ளத்தில் இல்லை, அடியில் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினையும் பிடிக்கவேண்டும். ரப்பர் வாஷர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள், இன்னும் முறுக்கினால் அது கிழியும். பனி மூட்டத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது, மதியம் வெயில் வரும்வரை காத்திருங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டை என்றால், தறிக்கூடமானாலும் வீடானாலும், துளை போடாதீர்கள். மேலே ஏறவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ தனிக்கால் எழுப்புவதுதான் வழி.

கடைசித் தவணையில் கொஞ்சத்தை ஒரு நல்ல மழை பெய்யும்வரை கையில் வைத்துக்கொள்வதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். என்னிடம் கேட்டால் நான் ஒத்துக்கொள்வேன். மழை விட்ட மறுநாள் முதலில் ஃபேன் பாக்ஸ்களைப் பாருங்கள், பிறகு மாடிக்குப் போய்க் கட்டைகளின் அடியைப் பாருங்கள். ஓட்டு இணைப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் நடக்கிறது. அந்தத் தட்டோட்டை அன்றைக்கே பெயர்த்துப் பாருங்கள்.