உங்கள் ஊரில் ஒரு மரபு நடை நடத்துவது எப்படி?

மரபு நடைக்கு மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது முப்பது பேர் கூடி, ஊருக்குள் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஐந்தாறு இடங்களில் நின்று அந்த இடத்தின் கதையைக் கேட்டு, கடைசியில் சேர்ந்து இட்லி சாப்பிட்டுக் கலைவது, அவ்வளவுதான். 1639 ஆகஸ்ட் 22-ஐச் சென்னையின் பிறந்தநாளாக வைத்து 2004-ல் தொடங்கிய மதராஸ் தினக் கொண்டாட்டத்தில் இப்படிப்பட்ட நடைகளுக்குத்தான் நல்ல வரவேற்பு. மதுரைப் பக்கம் பசுமை நடை என்ற குழு மலைக்குன்றுகளுக்கும் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளுக்கும் ஆட்களை அழைத்துப் போயிருக்கிறது.

"அவங்க ஊர்ல விஷயம் இருக்கு, எங்க ஊர்ல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தச் செய்முறை. பெரிய கோயிலோ கோட்டையோ இல்லாத ஊரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: கோயிலை விட்டுவிட்டு ஊரைச் சுற்றுங்கள்

வரலாறு என்றதும் நேராகக் கோயிலுக்குப் போய்விடுகிறோம். முதல் நாள் அங்கே போகாதீர்கள். கண்மாய்க்கரையில் ஆரம்பியுங்கள். பழைய மடைகளில் கல்தூண்கள் நிற்கும். தென்மாவட்டங்களிலும் புதுக்கோட்டைப் பக்கமும் கண்மாய்க்குள்ளேயே இரண்டு கல்தூண்களோடு குமிழித் தூம்பு (தண்ணீரைத் திறந்துவிடும் பழைய மதகு) தெரியும். சில தூண்களில் அதைச் செய்து கொடுத்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். தண்ணீர் வற்றிய மாதத்தில் போனால் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் பழைய சாலை. தோள் உயரத்துக்கு இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல் இருந்தால் அது சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடந்தவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற நட்டது. கருவுற்றிருக்கும்போது இறந்துபோன பெண்ணின் நினைவாக நடுவது வழக்கம். புதர் மண்டிய மூலைகளில் வாளோ வில்லோ ஏந்திய ஆள் உருவத்தோடு கல் நின்றால் அது பெரும்பாலும் நடுகல். ஊர்க்காரர்கள் அதற்கு வேறு சாமிப் பெயர் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தமிழ் எண்ணில் மைல் கணக்கு வெட்டிய பழைய மைல்கற்கள், சத்திரம், ஊருணி, ரயில் நிலையம், பழைய பள்ளிக்கூடம், சந்தைத் திடல் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு வீடுகளையும் விடாதீர்கள். மங்களூர் ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும், பல ஓடுகளில் 1865 அல்லது 1868 என்று ஆண்டும் இருக்கும். "எங்க வீடு 1865-ல கட்டினது" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அது அந்த ஓட்டுக் கம்பெனி தொடங்கிய ஆண்டு. பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865-ல் தொடங்கியது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே ஆண்டுதான் இருக்கும். வீட்டின் வயதுக்குப் பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: கல்வெட்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அடையாளம் காணுங்கள்

இப்போது கோயிலுக்குப் போகலாம். கருவறையின் வெளிச்சுவர், அதற்குக் கீழே அதிட்டானம் எனும் அடித்தளத்தில் இருக்கும் ஜகதி, குமுதம் ஆகிய கல் அடுக்குகள், வாசல் நிலை, தரையில் பாவிய கல் என எழுத்து இருக்கக்கூடிய இடங்கள் இவை. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. உள்சுவராக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சாக்பீஸ், மைதா மாவு, சுண்ணாம்பு எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ் பேச்சுக்கே இடமில்லை.

பெரும்பாலான சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று கிரந்த எழுத்தில் தொடங்கும். அதை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் கல்வெட்டின் தலை எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அடுத்து மெய்க்கீர்த்தி, அதாவது மன்னரின் புகழைச் சொல்லும் வரிகள். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் இராஜராஜன், 'திரு மன்னி வளர' என்றால் முதலாம் இராஜேந்திரன். பிறகு 'யாண்டு' என்ற சொல்லைத் தேடுங்கள், அதையொட்டி ஆட்சியாண்டு வரும். இராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985. ஆகவே யாண்டு பத்தாவது என்றால் 994 அல்லது 995. கணக்கு அவ்வளவுதான்.

பழைய எழுத்தில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரம், ஏகாரம் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். அதனால் நீங்களாகவே முழுவதையும் வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர்க் கல்வெட்டை யாராவது ஏற்கனவே படித்துப் பதிப்பித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இந்தியத் தொல்லியல் துறை 1887 முதல் ஆண்டுதோறும் கல்வெட்டு அறிக்கை தயாரித்து வருகிறது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-ல் வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகள் போட்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிறைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கும். ஊரின் இன்றைய பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால் தாலுகா பெயரை வைத்துத் தேடுங்கள்.

படி 3: பெரியவர்களிடம் கேட்கும் விதம்

"ஊர் வரலாறு சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால், ராஜா குதிரையில் வந்த கதைதான் வரும். சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். "உங்க சின்ன வயசுல கண்மாய் நிறைஞ்சா தண்ணி எதுவரைக்கும் வரும்?" "கல்யாணத்துக்கு ஜவுளி எந்த ஊர்ல எடுத்தீங்க?" "ஊர்ல முதல்ல கரண்ட் வந்தது யார் வீட்டுக்கு?" இப்படிக் கேட்டால் கை நீட்டி இடம் காட்டுவார்கள். ஆச்சிகளிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஆண்டு கேட்டால் யாருக்கும் தெரியாது. ஊரறிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா (1964 டிசம்பர்)? அணா போய் நயா பைசா வந்த பிறகா (1957 ஏப்ரல்)? எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகிவிட்டாரா (1977)? மூன்று கேள்வியில் ஐந்தாறு வருடத்துக்குள் வந்துவிடலாம். தமிழ் வருடப் பெயர் சொன்னால் மட்டும் கவனம், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம்.

கேட்டதைப் போனில் பதிவு செய்வதானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: கல் சொல்வதும் ஊர் சொல்வதும்

இந்தச் செய்முறையில் எனக்கு முக்கியமான படி இதுதான். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். ஒன்றில் கல்வெட்டு, ஆவணம், கட்டடம் காட்டுவது. இன்னொன்றில் ஊரார் சொல்வது. நடையில் இரண்டையும் சொல்லுங்கள், எது எது என்றும் சொல்லுங்கள்.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவு என்ற குகைத்தளத்தில் பெரிய உருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. நீண்ட காதைப் பார்த்து அது ஒரு செட்டியார் என்று ஊரில் சொல்வார்கள். அது சமணத் தீர்த்தங்கரர். கொஞ்சம் தள்ளிப் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக நிற்கும் சமணச் சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கின்றன. காலம் ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டு. செட்டியார் கதை தப்பு என்று ஊர்க்காரரை மட்டம் தட்ட வேண்டியதில்லை. சமணப்பள்ளி கலைந்து எத்தனையோ தலைமுறைக்குப் பிறகும் அந்த உருவத்துக்கு ஊரில் ஓர் ஆள் அடையாளம் இருந்ததற்கு அந்தக் கதைதான் சாட்சி.

"இரண்டாயிரம் ஆண்டு பழமையான" என்ற சொற்றொடரைத் தயவுசெய்து தவிருங்கள். ஆதாரம் இருந்தால் நூற்றாண்டைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் "பழைய" என்றே போதும். எண்பது வயது ரைஸ் மில்லும் வரலாறுதான்.

படி 5: பாதை போடுவது

ஐந்து நிறுத்தம், அதிகம் போனால் ஏழு. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் கூட்டம் டீக்கடைப் பக்கம் கரைந்துவிடும். முந்தைய வாரம் அதே நேரத்தில் நடந்து பாருங்கள். நிழல் எங்கே, பஸ் ஹாரன் எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

பாதை எந்தெந்தத் தெரு வழியாகப் போகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. கோயில், தேரடி, அக்ரகாரம், ஜமீன் வீடு என்றே போய் முடித்தால் பாதி ஊரை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். காலனிக்கும் போங்கள், மசூதித் தெருவுக்கும் மாதா கோயிலுக்கும் போங்கள், தனித்தனிக் கிணறு இருந்ததென்றால் அதையும் காட்டுங்கள். அந்தந்தத் தெருக்காரரே அந்த இடத்தில் பேசட்டும். நடுகல் வீரனைத் தங்கள் சாதிக்காரன் என்று இரண்டு தரப்பு உரிமை கொண்டாடினால், கல்லில் சாதி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகருங்கள். நடைக்குள் பட்டிமன்றம் நடத்தினால் அடுத்த நடை கிடையாது.

படி 6: அனுமதி

அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் ஒரு கடிதம். ஊர்க் கோயில் என்றால் பூசாரியிடமும் நாட்டாமையிடமும் நேரில் ஒரு வார்த்தை. கடிதம் கொடுத்தால்தான் சந்தேகம் வரும். மூலவரைப் படம் எடுக்கக் கூடாது என்பதை வருகிறவர்களுக்கு முன்னாலேயே சொல்லுங்கள். ஊராட்சித் தலைவருக்குச் சொல்லிவிடுங்கள், கூட்டம் பெரிதாகும் என்றால் காவல் நிலையத்துக்கும்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் கிறுக்குவது, கல்லைப் பெயர்ப்பது எல்லாம் சட்டப்படி குற்றம். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. எந்த இடத்திலும் தோண்டாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து பழைய காசோ சிலையோ கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே போதும்! அந்தக் காலத்துப் பத்து ரூபாய்.

படி 7: நாள் குறிப்பது, அழைப்பு அனுப்புவது

ஏப்ரல் 18 உலக மரபுச் சின்னங்கள் நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். காகிதத்தில் நன்றாக இருக்கும். நம் ஊரில் ஒன்றில் வெயில் கொளுத்தும், மற்றதில் மழை கொட்டும். பொங்கல் கழிந்து மாசி வரைக்குமான ஞாயிறுகள்தான் தோது. வெளியூரில் இருப்பவர்கள் பொங்கலுக்கு வந்திருந்தால் காணும் பொங்கலன்றே வைக்கலாம். முகூர்த்த நாளா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு இவ்வளவு இருந்தால் போதும்:

"நம்ம ஊர் மரபு நடை. ஞாயிறு காலை 6.30. கூடும் இடம்: கண்மாய்க்கரை ஆலமரம். கண்மாய் மடை, சுமைதாங்கிக் கல், பழைய சந்தை, சிவன் கோயில் கல்வெட்டு, மாதா கோயில் பார்த்துவிட்டு 9 மணிக்குப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு. கட்டணம் இல்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில் கொண்டு வரவும். குழந்தைகளோடு வரலாம். வருபவர்கள் பெயர் பதியவும்."

பெயர் கேட்பது இட்லிக் கணக்குக்காக. கழிப்பறை வசதி எங்கே என்பதையும் ஒரு வரி சேர்த்தால் பெண்கள் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் முடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 8: நடக்கும் நாள்

முன்னால் ஒருவர், வரிசையின் கடைசியில் ஒருவர், சாலையைக் கடக்கும்போது நடுவில் ஒருவர். பேசுகிறவர் சூரியனைப் பார்த்து நிற்கட்டும், கேட்பவர்களுக்குக் கண் கூசாது. இடுப்பில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி போதும். ஒவ்வொரு இடத்திலும் எதையாவது ஒன்றைத் தொட்டுக்காட்டும் தூரத்தில் வைத்துப் பேசுங்கள். மடைத்தூணின் எழுத்தை ஒரு குழந்தையை விட்டு ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள், கூட்டம் தானாக அமைதியாகிவிடும். பேச்சாளருக்குக் குறுக்கே "அப்படி இல்ல தம்பி" என்று யாராவது பெரியவர் சொன்னால் மைக்கை அவரிடம் கொடுங்கள். நல்ல சேதி பெரும்பாலும் அங்கேதான் வரும்.

படி 9: முடிந்த பிறகு

அன்று சாயங்காலமே குறிப்புகளை எழுதிவிடுங்கள், அடுத்த ஞாயிறு வரை தள்ளினால் பாதி போய்விடும். படங்களுக்கு இடம், திசை, தேதி போட்டுப் பெயர் வையுங்கள். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு. சில அரசுப் பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இருக்கின்றன, உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் ஆசிரியரிடம் பேச இதுதான் நேரம்.

யாரும் பதிவு செய்யாதது போலத் தெரியும் கல்வெட்டோ நடுகல்லோ கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து நேராகவும் சாய்வொளியிலும் படம் எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்புங்கள். பத்திரிகைக்குச் சொல்வதை அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம். கோயிலில் திருப்பணிப் பேச்சு அடிபட்டால் மட்டும் காத்திருக்காதீர்கள். கல்வெட்டு உள்ள சுவரில் பெயின்ட் அடிக்கவோ மணல் பீய்ச்சவோ டைல்ஸ் ஒட்டவோ வேண்டாம் என்று திருப்பணிக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். கூடவே, நடையில் எடுத்த படங்களையும் இணையுங்கள்.