பிடிகொடுக்காத வீட்டுக்காரரிடம் வீடு வாங்குவது எப்படி?

கடலூரில் பழைய ஓட்டு வீடுகளை வாங்கி, சீர்செய்து வாடகைக்கு விடுவது என் தொழில். புதிதாக இறங்குகிறவர்கள் விலையில்தான் தடுமாறுவோம் என்று நினைக்கிறார்கள். விற்பவர் ஏன் முரண்டு பிடிக்கிறார் என்பது புரியாமல்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள்.

1. முதல் நாள் விலை பேசாதீர்கள்

திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அம்மா, நான் போகும்போதெல்லாம் ஐம்பதாயிரம் ஏற்றிச் சொன்னார். மூன்றாவது தடவை விலையை விட்டுவிட்டு, "வித்துட்டு எங்கம்மா இருக்கப் போறீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, முழங்கால் உயரத்தில் சுவரில் பழுப்பேறிக் கிடந்த வெள்ளக் கோட்டைக் காட்டினார். "இந்தத் தண்ணியிலயும் அவர் இந்த வீட்ட விட்டு வரலப்பா." பேத்திக்குப் பரீட்சை முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. கிரையத்தை, அதாவது விற்பனைப் பதிவை, ஜூனுக்குத் தள்ளி அக்ரிமெண்டில் எழுதினோம். அதற்கப்புறம் விலை ஏறவில்லை.

2. அக்கா தங்கச்சி எத்தனை பேர் என்று கேளுங்கள்

"அவளுக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, பங்கு கேக்க மாட்டா" என்பார்கள். நம்பாதீர்கள். இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால், பங்கு வேண்டாம் என்பவர், அதை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். அந்த அக்காவை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். முறையாகக் கேட்டாலே பாதிக் கோபம் போய்விடும்.

3. "நாளைக்கே முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்தினால்

30 வருட வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் இதில் தெரியும்), தாய்ப்பத்திரம் (வீடு முன்பு கைமாறிய பழைய பத்திரம்), பட்டா. மூன்றையும் வக்கீல் பார்க்கும்வரை அட்வான்ஸ் தராதீர்கள்.

4. அட்வான்ஸ் வாங்கியபின் விலையை ஏற்றினால்

சண்டை போடாமல் அக்ரிமெண்டை எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதில் கிரைய நாளைக் குறித்திருந்தால், அன்றிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அட்வான்ஸை பேங்க் வழியாகவே கொடுங்கள், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் விற்பவர் ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு.

5. ஒருவர் மட்டும் மறுத்தால்

"எங்க பங்க மட்டும் வாங்கிக்குங்க" என்று மற்றவர்கள் சொல்வார்கள், விலையும் மலிவாக இருக்கும். வாங்காதீர்கள். பாகம் பிரியாத குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, அவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது. பாகப்பிரிவினை வழக்கில்தான் போய் நிற்பீர்கள். மறுக்கும் தம்பியைப் பார்த்து ஒரு டீ குடியுங்கள், உங்கள் நம்பரைக் கொடுங்கள், கிளம்பி விடுங்கள். முதுநகரில் நான் அப்படி விட்டு வந்த வீட்டிலிருந்து எட்டு மாதம் கழித்து போன் வந்தது. பேசியது அந்தத் தம்பிதான்.