திண்ணையில் பல்லாங்குழி ஆடுவது எப்படி?
காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள் நான். வெளியே சைக்கிள் மணியும் பாத்திரக் கடைச் சத்தமும் ஓயவே ஓயாது. லீவு நாள் மதியங்களில் அந்த இரைச்சலுக்கு நடுவே எங்களுக்குத் திண்ணையில் பல்லாங்குழிதான். உங்கள் பிள்ளைகளுக்கும் அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

முதலில் முத்து, அதாவது குழியில் போட்டு ஆடும் காய். சோழி அழகுதான், ஆனால் எனக்குப் புளியங்கொட்டைதான் பிடிக்கும். நாரும் பிசுக்கும் போகக் கழுவி, வளவு முற்றத்து வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் போட்டுத் தேய்த்தால் கரும்பழுப்பாக மினுமினுக்கும். சொத்தை, சப்பையைக் கழித்துவிடுங்கள். அள்ளும்போது உள்ளங்கையில் கனம் தெரிய வேண்டும்.

பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 5 வீதம் 70 முத்து. பலகை இல்லையென்றால் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாலே போதும்.

உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வரிசையாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்தது வெறுங்குழி என்றால் அதை விரலால் தடவி, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பிறகு எதிராளி முறை.

ஆட்டத்துக்கு நடுவில் எந்தக் குழியில் 4 முத்து சேர்ந்தாலும் அதற்குப் பெயர் பசு. யார் பக்கமோ அவருக்கு. எங்கள் அப்பத்தா கதை பேசிக்கொண்டே பசுவை அள்ளிவிடுவார்கள். "ஆட்டத்துல கண்ண வையி ஆத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் அள்ளுவார்கள்.

அடுத்த சுற்றில், தோற்றவர் தன் முத்தால் நிரம்பும் குழிகளோடு மட்டும் ஆட வேண்டும். நிரம்பாத குழியில் ஒரு ஈர்க்குச்சியைப் போட்டுவைப்போம்.