கட்டுரையின் மைய வாதத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுவது எப்படி?

கட்டுரையைத் திருத்துபவர் முதலில் தேடுவது, "இவர் என்னதான் சொல்ல வருகிறார்?" என்பதற்கான பதிலை. அந்தப் பதில்தான் தீசிஸ் ஸ்டேட்மெண்ட். பெரும்பாலும் முன்னுரையின் கடைசியில், ஓரிரு வாக்கியங்களில் அமையும்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"1854 லண்டன் காலரா" வெறும் தலைப்பு. அதில் வாதம் எதுவும் இல்லை. கேள்வியாக்கிப் பாருங்கள்: கெட்ட காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியபோது, தண்ணீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ எதை வைத்துச் சொன்னார்?

படி 2: மறுக்கக்கூடிய பதிலாகச் சொல்லுங்கள்

"காலரா ஆய்வில் ஸ்நோ முக்கியமானவர்" என்று எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? எல்லோரும் ஒப்புக்கொள்வதை நிறுவ நான்கு பக்கம் தேவையில்லை.

படி 3: சான்றோடு உரசிப் பாருங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். "பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்றியதால் நோய் நின்றது" என்பது வாதம்தான் (நோயைப் பரப்பியதாக ஸ்நோ சொன்ன பொதுத் தண்ணீர்ப் பம்பு அது). ஆனால் செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றும் முன்பே இறப்புகள் குறையத் தொடங்கிவிட்டன. சான்று இடித்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்; சான்றை மறைக்காதீர்கள். மாற்றிய வாக்கியம் இது:

"கைப்பிடியைக் கழற்றியதே ஸ்நோவின் சாதனையாகப் பேசப்பட்டாலும், அவர் வாதத்துக்குப் பலம் தந்தவை நோய் அதிகம் தாக்காத இடங்களே, ஏனெனில் பம்புக்கு அருகில் இருந்தும் வேறு தண்ணீர் குடித்தவர்கள் பெரும்பாலும் தப்பியதைக் கெட்ட காற்றால் விளக்க முடியாது."

"பேசப்பட்டாலும்" எதிர்த்தரப்புக்கு இடம் தருகிறது. நடுவில் உங்கள் நிலைப்பாடு. "ஏனெனில்" காரணத்தைக் கொண்டுவருகிறது. சொந்தக் கிணறு வைத்திருந்த பீர் ஆலை ஒரு பத்தி, அதேபோல் கிணறு இருந்த ஏழைகள் விடுதி ஒரு பத்தி, கெட்ட காற்றுக் கொள்கைக்குப் பதில் இன்னொன்று என்று கட்டுரையின் வரிசையும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

"இக்கட்டுரையில் காலராவைப் பற்றிக் காண்போம்" என்ற வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது அறிவிப்புதான், வாதம் அல்ல.

படி 4: எழுதி முடித்தபின் திரும்பி வாருங்கள்

ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் இந்த வாக்கியத்தோடு சேர்த்து வாசியுங்கள். ஒட்டாத பத்தியை நீக்கலாம். அந்தப் பத்தியில்தான் உங்கள் வலுவான சான்று இருக்கிறது என்றால், வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்.